கரை மரம் – அத்தியாயம் 14: தீர்மானத்துக்குப் பிறகு முதல் சாவு

செல்லப்பன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஏரிக்கரைக்குப் போனான்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தவனுக்கு விடிவதற்கு முன்பே ஆள் போய்ச் சேதி சொல்லியாகிவிட்டது. அரியலூரில் பஸ் மாறி, சூசையப்பர்பட்டி விலக்கில் வந்து இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. வழியில் தச்சர் முருகையனை வீட்டிலிருந்து கிளப்பி, கோடாலியும் ரம்பமுமாகக் கூட்டிக்கொண்டான். செத்துக் கிடக்கும் மனைவியின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் கைகால் ஓடாது என்று அவனுக்குத் தெரியும். சவப்பெட்டிக்கு ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் பார்ப்பது என்ற முடிவோடு வந்திருந்தான்.

செல்லப்பனின் மனைவி மலர்க்கொடி குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள் என்று சொல்லிப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். கிணறெல்லாம் வற்றி, ஏரியின் நடுவே ஒரு களம் அகலத்துக்குக் கலங்கல் தண்ணீர்தான் மிச்சம். மாடும் அதில்தான் குடிக்கிறது, மனுஷரும் அதைத்தான் மொள்ளுகிறார்கள். அந்தத் தண்ணீர் அவளுக்கு வாந்திபேதியாக வந்து வாய்த்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது வயசுகூட ஆகவில்லை. எழுதுகிற எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஏரியும் கரையும் கரையில் நிற்கிற பூவரசும் வேம்பும் சூசையப்பர் கோவிலுக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் மேலத்தெருவில் யார் செத்தாலும் கோவிலில் இருக்கிற தூம்பாவில்தான் வைத்துத் தூக்கிப் போவார்கள். தூம்பா என்றால் சவம் சுமக்கிற பொதுப் பெட்டி. கருப்புச் சாயம் அடித்து, மேலே வெள்ளைச் சிலுவை போட்டிருக்கும். குழிக்குப் பக்கத்தில் உடம்பை எடுத்து மண்ணில் இறக்கிவிட்டு, வெறும் தூம்பா கோவிலுக்குத் திரும்பிவிடும். கீழத்தெருக்காரர்களுக்கு அதுவும் இல்லை. பாயில் சுருட்டி மூங்கிலில் கட்டித்தான் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் மேலத்தெருவுக்கு நாகரிகம் வந்தது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு கரை மரம். கீழத்தெருவுக்கும் மரம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கித் தந்தவன் செல்லப்பனின் அண்ணன் அரியமுத்து. இரண்டு தெருவும் மாற்றி மாற்றி வெட்டியதில் கரை அங்கங்கே மொட்டையானது. எழுபத்தேழு புயலில் மொட்டையான இடமாகப் பார்த்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஏரியில் தண்ணீர் நிற்பதில்லை. இந்த வருஷம் வானமும் கைவிட்டது.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு, அதே அரியமுத்துதான் கோவிலுக்குள் எழுந்து நின்றான். இனிக் கரை மரத்தில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, வாராவாரம் ஆளுக்கு ஒரு தட்டு மண் சுமந்து கரையை ஏற்ற வேண்டும், செத்தால் இரண்டு தெருவுக்கும் ஒரே தூம்பா என்றான். சபை கை தூக்கியது. பங்கு சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வாரமாக இரண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்று மண் தட்டைக் கை மாற்றிக்கொண்டன. ஊர் உருப்பட்டுவிடும் போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு விழுந்த முதல் சாவு இது.

அரியமுத்து கரைக்கு ஓடி வந்தபோது பூவரசின் அடியில் இரண்டு வெட்டு விழுந்திருந்தது.

"நிறுத்துடா!"

முருகையன் நிறுத்திவிட்டார். செல்லப்பன் அவர் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கி மூன்றாவது வெட்டைப் போட்டான்.

"செல்லப்பா, சொல்றத கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் பொண்டாட்டிய பறிகுடுத்துட்டு நிக்கறேன். ஏரிய காப்பாத்தறேன்னு சொன்னியே, ஒரு ஆள காப்பாத்த முடிஞ்சுதாண்ணே ஒன்னால?"

"ஏரி நெறஞ்சு கெடந்தா அவ அந்தச் சேத்துத் தண்ணிய ஏன் மொள்ளப் போறா? கரையில மரம் நின்னிருந்தா கரை ஏன் ஒடையுது?"

"அதுக்கு எம்பொண்டாட்டிதான் கெடச்சாளா? மேலத்தெருவுல எத்தன பேரு பெட்டியில போனாங்க? அப்பல்லாம் யாருக்கும் மரம் கண்ணுல படல. நமக்கும் ஒரு பெட்டின்னு வந்த ஒடனே எல்லாருக்கும் மரத்து மேல பாசம் பொத்துக்கிட்டு வருது."

இதே கேள்வியை ராத்திரி முழுக்க அரியமுத்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். ஆனாலும் மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவில் போய் நின்றான்.

"மொத சாவு நம்மளது. தீர்மானம் போட்டவன் வூட்லயே மரத்த சாச்சா, நாளைக்கி எவன எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தடுக்கறது?"

செல்லப்பன் கோடாலியைத் தாழ்த்தித் தரையில் ஊன்றினான். வெயிலில் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது.

"சரி. தூம்பாவுலயே போவட்டும். ஆனா ஒண்ணு. நீ போயி திருட்டுத்தனமா தூக்கிட்டு வரக் கூடாது. மேலத்தெரு நாட்டாமை பிச்சைமுத்து அவரு கையால எடுத்துக் குடுக்கணும். ரெண்டு தெருவுக்கும் ஒண்ணுன்னுதானே கை தூக்குனாரு? தொட்டுக் குடுக்கட்டும். குடுத்தாருன்னா கோடாலிய கீழ போடறேன். இல்லன்னா நீ குறுக்க நின்னாலும் வெட்டுவேன்."

"வாங்கியாறேன்."

"சாமியார் நாலு மணிக்கு வராரு. அது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அரியமுத்து நாட்டாமை வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி வீட்டில் நுழைந்தான். அரியமுத்துவின் மனைவி குஞ்சம்மாள் மலர்க்கொடியைக் குளிப்பாட்டி, கல்யாணப் புடவையைச் சுற்றி, தலைவாரிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டக்கூட அந்த ஏரித் தண்ணீர்தான்.

"தம்பி எங்கங்க?"

"கரையில."

குஞ்சம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சீப்பைக் கீழே வைத்தாள்.

"வெட்டட்டுமே. ஒரு மரம்தானே?"

"நீயுமா?"

"நீங்க கூட்டத்துல பேசுனப்ப பொம்பளைங்க பக்கத்துலேருந்து மொதல்ல கை தூக்குனது இவதான். தெரியுமா ஒங்களுக்கு? வூட்டுக்கு வந்து என்னா சொன்னா தெரியுமா? 'அக்கா, மாமா பேசறாரேன்னு தூக்கிட்டேன். ஆனா நான் செத்தா பெட்டிதான், பாத்துக்க. எங்கப்பன பாயில சுருட்டித் தூக்கிட்டுப் போனப்ப காலு ரெண்டும் வெளிய ஆடிக்கிட்டே போச்சு, அது மாதிரி நான் போவ மாட்டேன்'னா. சொல்லிட்டு சிரிச்சா."

"தூம்பாவுல காலு வெளிய தெரியாது குஞ்சம்மா."

"குழியில?"

மலர்க்கொடியின் முகத்தைப் பார்க்க அரியமுத்துவுக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்கு நல்லது செய்யப் போகிறவனுக்கு வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தே தீரும். அப்போது அவன் செய்கிற காரியம்தான் அவனுடைய யோக்கியதை. அரியமுத்து அன்று என்ன செய்தான் என்பதைக் கேளுங்கள்.

பிச்சைமுத்து சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அரியமுத்து வாசலில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னான். அரியலூர் ஸ்டேஷனில் ரயில்வே கேங்மேன், கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவன். இருந்தாலும் அந்த வாசலில் உட்காரும் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை.

"அடப் பாவமே. சின்னப் பொண்ணு. தூம்பாதானே? எடுத்துக்க. தீர்மானம்னா தீர்மானம்தான்" என்று சாவியை உள்ளேயிருந்து கொண்டுவரச் சொன்னார். வேலைக்காரி அதைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

இத்தனை சுலபமாகக் கிடைக்கும் என்று அரியமுத்து நினைக்கவில்லை. அங்கேயே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நாட்டாமைங்க ஒரு எட்டு வந்து, ஒங்க கையால எடுத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்ங்க. தம்பி ரொம்ப ஆசப்படறான்."

"முட்டி வலிடா அரியமுத்து. ரெண்டு நாளா எந்திரிக்கவே முடியல. சாவிதான் குடுத்துட்டேன்ல, அப்புறம் என்னா?"

"சும்மா தொட்டுக் குடுத்தாப் போதும்ங்க."

பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அரியமுத்து சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கோவில் பக்கத்து அறையைத் திறந்து, கீழத்தெரு ஆட்கள் நான்கு பேரை வைத்துத் தூம்பாவைத் தூசி தட்டி வெளியே எடுத்தான். பிறகு கரைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துச் சொன்னான்:

"நாட்டாமையே வந்து எடுத்துக் குடுத்தாருடா."

"நெசமாவா?"

"ஒரு பக்கம் அவரே புடிச்சாரு."

செல்லப்பன் கோடாலியைக் கீழே போட்டான். போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. அரியமுத்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். ஒரு பொய்யால் ஒரு மரம் பிழைத்தது என்றுதான் அவன் அப்போது நினைத்துக்கொண்டான்.

சாவு மணி அடித்தது. தூம்பா முதல் முறையாகக் கீழத்தெருவுக்குள் வந்தது.

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். சிலர் கிட்டே வந்து சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வயசான இருசம்மாள் மட்டும், "எம்புருசன வெறும் மூங்கில்ல தூக்குனீங்களேடா, அப்ப எங்கடா வச்சிருந்தீங்க இத?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவளை யாரும் அடக்கவில்லை.

பங்கு சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊர்வலம் கோவிலுக்குப் போய்விட்டுக் கல்லறைக்கு நகர்ந்தது. மேலத்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். செபம் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். தூம்பாவுக்குத் தோள் கொடுக்க ஒருவரும் முன்னால் வரவில்லை. சாமியார் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்திருந்தாலும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாமியார் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்தார். உடம்பைத் தூம்பாவிலிருந்து தூக்கிப் பாயோடு இறக்கினார்கள். செல்லப்பன் திடீரென்று குழிக்குள் குதித்துவிட்டான். எல்லோரும் பதறினார்கள். அவன் தன் துண்டை நான்காக மடித்து மலர்க்கொடியின் முகத்தின் மேல் போட்டான். ஓரங்களை அவள் தலைக்கு அடியில் சொருகினான். மண் கண்ணில் விழக் கூடாதாம். அப்புறம் கையை நீட்டினான், அரியமுத்து தூக்கிவிட்டான்.

முதல் மண் விழுந்த சத்தம் அரியமுத்துவுக்கு நெஞ்சில் விழுந்தது போலிருந்தது. பெட்டியாக இருந்தால் பலகை வாங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பை அவனால் தள்ள முடியவில்லை.

சாமியார் போய்விட்டார். அண்ணனும் தம்பியும் இன்னும் இரண்டு பேருமாகத் தூம்பாவைக் கழுவித் துடைத்து, பொழுது இறங்குகிற நேரத்தில் கோவிலுக்குத் தூக்கிவந்தார்கள்.

பக்கத்து அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கதவுக்கு முன்னால், சாமியார் இல்லாத நாளில் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வைரக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதால்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

"தூம்பாவ இங்க எறக்காதீங்கப்பா."

"ஏனுங்க?" என்றான் அரியமுத்து.

"வாந்திபேதி கண்ட ஒடம்பு ஏறுன பெட்டி. கோவிலுக்குள்ள வைக்க வேணாம்னு சொல்றாங்க. இனிமே அது ஒங்க தெருவுலயே இருக்கட்டும். நீங்களே வச்சுக்கங்க."

"சுண்ணாம்புத் தண்ணி ஊத்திக் கழுவிருக்கோம்ங்க."

"நான் என்னாப்பா பண்றது? நான் சொல்லல. நாட்டாமை சொன்னாரு."

செல்லப்பன் முன்னால் வந்தான்.

"மத்தியானம் என்னா நோவுல செத்தான்னு தெரியாமயா அவரு கையால புடிச்சுத் தூக்கிக் குடுத்தாரு?"

வைரக்கண்ணு விழித்தார். "அவரு எங்கப்பா தூக்குனாரு? மனுசன் இன்னிக்கி வூட்ட விட்டே வெளிய வரலியே. சாவியத்தானே குடுத்தனுப்புனாரு?"

செல்லப்பன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அரியமுத்து தலையைக் குனிந்துகொண்டான். தம்பி திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

தூம்பா நான்கு பேர் தோளிலும் அப்படியே இருந்தது. வைக்க இடமில்லை.

"உபதேசியாரே," என்றான் அரியமுத்து, "அப்ப நாளைக்கி மேலத்தெருவுல சாவு விழுந்தா எதுல தூக்குவாங்க?"

வைரக்கண்ணுவின் கண் கரைப் பக்கம் போய்த் திரும்பியது.

தூம்பாவைக் கோவில் வாசலிலேயே இறக்கிவிட்டு அண்ணனும் தம்பியும் கரைக்கு நடந்தார்கள். அரியமுத்து முன்னால் போனான், ஓட்டமும் நடையுமாக.

கரையில் யாரும் இல்லை. மரங்கள் அசையாமல் நின்றன. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது.

தீர்மானத்துக்கு முன்னால் ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால், கரையில் ஒரு மரத்தைப் பார்த்துச் சுண்ணாம்பு தடவிவிட்டு வருவார்கள். அந்த மரம் அந்த வீட்டுக்கு. வேறு யாரும் தொட மாட்டார்கள். இப்போது முதல் வேம்பில் சுண்ணாம்பு. அடுத்த பூவரசில் சுண்ணாம்பு. அதற்கடுத்ததிலும். ஊரே கல்லறையில் நின்று பாட்டுப் பாடிய நேரத்தில் மேலத்தெரு வீடுகள் ஒவ்வொன்றும் தனக்கு ஒரு மரத்தைப் பிடித்து வைத்துவிட்டன. படுத்த படுக்கையாக அங்கே ஒருவரும் இல்லை. அப்படியும் பிடித்து வைத்துவிட்டார்கள். தொட்டால் கையில் ஒட்டியது, ஈரம் காயவில்லை.

"நாளைக்கே வெட்டிப்புடுவாங்க" என்றான் செல்லப்பன். "அடுத்தவனுக்கு முன்னாடி எடுத்துக்கலன்னா அப்பறம் கெடைக்காதுன்னு பச்ச மரமாவே அறுத்து வூட்ல அடுக்கிடுவாங்க."

"பங்கு சாமியார்ட்ட போவோம். காலைல மொத வேலையா போவோம்."

"போ. போயி அவருகிட்டயும் ஒரு பொய்யச் சொல்லு."

"செல்லப்பா..."

"அப்பவே என்னைய விட்டிருந்தீன்னா ஒரு மரத்தோட போயிருக்கும்ணே. ஒரே ஒரு மரம். அவளும் ஆசப்பட்ட மாதிரி போயிருப்பா. இப்ப அவளும் பாயில போயிட்டா, கரையும் போவப் போவுது."

அரியமுத்து துண்டை உருவி முதல் வேம்பில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தான். வேம்பின் பட்டை வெடிப்புகளில் அது இன்னும் உள்ளே இறங்கியது. அடுத்த மரத்துக்குப் போனான். துடைக்கத் துடைக்கத் துண்டுதான் வெளுத்தது. செல்லப்பன் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழத்தெரு பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. தூம்பாவை வாங்க மறுத்த சேதி அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் கரை மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. சாவு வீட்டுக்காரர்கள், குழி வெட்டியவர்கள், ஐந்து வாரமாக மண் சுமந்தவர்கள். ஆளுக்கு ஒரு தகர டப்பாவோ கலயமோ கையில் வைத்திருந்தார்கள்.

தனக்குத் துணையாகத் துடைக்கத்தான் வருகிறார்கள் என்று அரியமுத்து ஒரு நிமிஷம் நம்பினான். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவனை மன்னித்துவிடலாம்.

கூட்டத்துக்கு முன்னால் வந்தது குஞ்சம்மாள். மலர்க்கொடியைக் குளிப்பாட்டிய அதே புடவை, சாவுக் குளியல்கூட இன்னும் போடவில்லை. கையில் வீட்டுச் சுண்ணாம்புக் கலயம். சுண்ணாம்பு படாமல் நின்ற ஒரு பூவரசைப் பார்த்து வைத்துக்கொண்டு நேராக அதை நோக்கி வந்தாள்.

அரியமுத்து ஓடிப்போய் அந்த மரத்துக்கு முன்னால் நின்றான்.

"குஞ்சம்மா, நீயா?"

"நான்தான். ஒங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவள பாயில எறக்குனத பாத்தேன், போதும்." அவள் குரல் உயரவில்லை. வலது கை கலயத்துக்குள் இருந்தது. "வழிய விடுங்க."

கூட்டம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. செல்லப்பனும் நடந்து போய் அந்தக் கூட்டத்தோடு நின்றுகொண்டான்.

அரியமுத்து நகரவில்லை.